மண்ணில் வாழும் பாக்டீரியாவும் கேடயப் பூச்சியும்: யாருக்கு யார் தேவை?

ஒன்று கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. மற்றொன்று ஆறு கால்களும் சிறகுகளும் கொண்ட பூச்சி. இரண்டில் எது பலசாலி? பூச்சிதான் என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். ஜப்பானில் வாழும் ஒரு கேடயப் பூச்சியைப் பற்றி அறிந்தால் அந்தப் பதில் மாறக்கூடும்.

அதன் பெயர் பிளாட்டியா ஸ்டாலி. பச்சை உடல், பழுப்புச் சிறகு, கேடயம் போன்ற முதுகு. நீளம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். பழங்களில் சாறு உறிஞ்சுவதால் தோட்டக்காரர்களுக்கு இது பெரும் தொல்லை. இதன் கூட்டாளியான பான்டோயா பாக்டீரியா ஒரே செல்லால் ஆனது. பூச்சியின் நீளத்தை எட்ட, சில ஆயிரம் பாக்டீரியாக்கள் வரிசையில் நிற்க வேண்டும்!

ஆனால், இந்தச் சிற்றுயிர் இல்லாமல் பூச்சியால் வாழ முடியாது. பூச்சியின் குடலில் உள்ள சிறு பைகளில் பாக்டீரியா குடியிருந்து, உணவில் போதாத சத்துகளைத் தயாரித்துக் கொடுக்கிறது. தாய்ப்பூச்சி முட்டையிடும்போது அவற்றின் மேல் பாக்டீரியாவைப் பூசிவிடும். பொரிந்து வரும் குஞ்சுகள் முட்டையோட்டை உறிஞ்சி அதைப் பெறுகின்றன. ஆய்வுக்கூடத்தில் முட்டைகளின் மேற்பரப்பைக் கிருமிநீக்கம் செய்தபோது, குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே வளருமுன் இறந்தன.

பாக்டீரியாவுக்குப் பூச்சி தேவையா? அது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஜப்பானின் தென்மேற்குத் தீவுகளில் உள்ள பூச்சிகளில் காணப்படும் சில வகைகள், மண்ணில் தனித்து வாழும் பாக்டீரியாக்களைப் போலவே இருப்பதை 2016-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அவற்றை ஆய்வுக்கூடத் தட்டிலும் வளர்க்க முடியும். பெருநிலப் பகுதிப் பூச்சிகளில் உள்ள வகைகளோ அப்படித் தட்டில் வளர்வதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பூச்சிக்குள்ளேயே இருந்து, தனித்து வாழும் திறனை அவை இழந்துவிட்டன.

இத்தகைய கூட்டுறவு உருவாகப் பல இலட்சம் ஆண்டுகள் வேண்டுமா? 2022-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு வியப்பான பதிலைத் தந்தது. பூச்சிக்குத் தொடர்பே இல்லாத ஈ கோலை பாக்டீரியாவை அதன் குடலில் வளர்த்தனர். ஒரே ஒரு மரபணு செயலிழந்ததும் அந்த ஈ கோலை பூச்சிக்கு உதவத் தொடங்கியது. முன்பைவிட அதிகக் குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தன. அவற்றின் பச்சை நிறமும் மேம்பட்டது.

மாணவர்களே, மண்ணில் சுதந்திரமாகத் திரியும் பாக்டீரியாவுக்குப் பூச்சி தேவையில்லை. ஆனால் பூச்சிக்குள் பாதுகாப்பும் உணவும் கிடைக்கின்றன. அதற்கு ஈடாக, நாளடைவில் அது இழப்பது தன் சுதந்திரத்தை. இனிச் சொல்லுங்கள், இரண்டில் எது பலசாலி?