பொம்மைகள் திருப்பிப் பேசிய கதை

1986இல் ‘தி டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: தி மூவி’ பார்க்கப் போன அமெரிக்கச் சிறுவர்கள் பலர் தேம்பிக்கொண்டே வெளியே வந்தார்கள். லாரியாக உருமாறும் ரோபோ, அவர்களுடைய நாயகன் ஆப்டிமஸ் பிரைம், படம் பாதியை எட்டும் முன்பே செத்துப்போனான். அவனைக் கொன்றது கதையின் தேவை அல்ல, கடையின் தேவை. பழைய பொம்மைகளை ஒதுக்கிவிட்டுப் புதியவற்றுக்கு இடம் பண்ண வேண்டும் என்று நினைத்தது ஹாஸ்ப்ரோ நிறுவனம். பிள்ளைகளும் பெற்றோரும் கொதித்ததைப் பார்த்த பிறகு, அதே நிறுவனத்தின் ‘ஜி.ஐ. ஜோ’ படத்தில் சாகவிருந்த டியூக் என்ற வீரனைக் கோமாவில் படுக்கவைத்துக் காப்பாற்றினார்கள்.

2005 பிப்ரவரி 20 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆப்டிமஸ் பிரைம் மறுபடியும் செத்தான். இந்த முறை காரணம் புராஸ்டேட் புற்றுநோய். காலத்தோடு மருத்துவரிடம் போகாததால் வந்த சாவு என்று, அரசு சுகாதார விளம்பரத்தின் தொனியில் அந்தத் துணுக்கு முடிந்தது. அது ‘ரோபோ சிக்கன்’ நிகழ்ச்சியின் முதல் பகுதி. பெரியவர்களுக்காக, பொம்மைகளை வைத்து, அவற்றைச் சிறிது சிறிதாக அசைத்துப் படம்பிடிக்கும் ஸ்டாப் மோஷன் முறையில் எடுத்த பகடி. கார்ட்டூன் நெட்வொர்க்கின் இரவு நேரப் பிரிவான அடல்ட் ஸ்விம்மில் தொடங்கி 2022 வரை பதினொரு சீசன்கள் ஓடியது. எம்மி விருதை ஒருமுறைக்கு மேல் வென்றது.

ஒரு பகுதிக்குப் பதினொரு நிமிடம்தான். அதற்குள் பல துணுக்குகள். சில மூன்று நிமிடம் போகும், சில ஐந்து விநாடியில் முடிந்துவிடும். யாரோ ரிமோட்டை அழுத்தி அழுத்திச் சேனல் மாற்றுவதுபோல நடுவில் திரை இரையும். இதற்கு முகப்புக் காட்சியில் விளக்கம் உண்டு. சாலையில் அடிபட்டுச் செத்த கோழியை ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி எடுத்துப்போய்ப் பாதி இயந்திரமாக்கி, நாற்காலியில் கட்டி, கண்ணை மூடவிடாமல் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னால் உட்காரவைக்கிறான். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ படக் காட்சியின் பகடி அது. நாம் பார்ப்பதெல்லாம் அந்தக் கோழி பார்ப்பது. நிகழ்ச்சியின் பெயரோ, வெஸ்ட் ஹாலிவுட்டில் ஒரு சீன உணவகத்தின் மெனுவில் இருந்த பதார்த்தத்தின் பெயர்.

இப்படி ஒரு நிகழ்ச்சி அமெரிக்காவில் ஏன் பிறந்தது என்று புரிய 1980களுக்குப் போக வேண்டும். அதற்கு முன்பு, ஒரு பொம்மையை விற்பதற்காகவே கார்ட்டூன் தொடர் எடுப்பதை அந்நாட்டு ஒளிபரப்பு ஒழுங்காற்று ஆணையம் ஏற்கவில்லை. 1969இல் ‘ஹாட் வீல்ஸ்’ கார்களை வைத்து வந்த தொடர், அரை மணி நேர விளம்பரம் என்ற புகாருக்கு உள்ளானது. ரொனால்ட் ரீகன் ஆட்சியில் அந்தக் கட்டுகள் தளர்ந்தன. குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை 1984இல் நீக்கினார்கள். மேட்டல் நிறுவனத்தின் ‘ஹீ-மேன்’ பொம்மை 1982இல் கடைக்கு வந்தது, தொடர் 1983இல் வந்தது. 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மையும் தொடருமாகவே வந்து சேர்ந்தது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் பார்த்த கதைகளில் பல, மறுநாள் கடையில் கேட்டு அடம்பிடிப்பதற்கென்றே எழுதப்பட்டவை. கதையென்று நம்பி அவர்கள் மனதைக் கொடுத்தார்கள், நிறுவனங்கள் அதைச் சந்தையாகப் பார்த்தன.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் சேத் கிரீன். 1974இல் பிறந்தவர், சிறுவயதிலிருந்தே நடிகர். ‘பஃபி’ தொடரிலும் ‘ஆஸ்டின் பவர்ஸ்’ படங்களிலும் அவர் நடித்ததால் அவரே கடையில் விற்கும் பொம்மையானார். பேச்சு நிகழ்ச்சி நடத்திய கோனன் ஓ’பிரையனுக்கும் பொம்மை வருகிறது என்று தெரிந்தபோது, இரண்டு பொம்மைகளையும் நடிக்கவைத்து ஒரு குறும்படம் எடுக்கலாமே என்று கிரீனுக்குத் தோன்றியது. ‘டாய்ஃபேர்’ என்ற பொம்மைச் சேகரிப்பாளர் பத்திரிகையில் இருந்த மேத்யூ சென்ரைக்கை அழைத்தார். அந்தப் பத்திரிகையில் பழைய சூப்பர் ஹீரோ பொம்மைகளை நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்து, பேச்சுக் குமிழி போட்ட நகைச்சுவைப் படக்கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. இருவருமாக 2000களின் தொடக்கத்தில் சோனியின் இணையதளத்துக்குச் சில குறும்படங்கள் செய்தார்கள். அதிலிருந்து முளைத்ததுதான் ‘ரோபோ சிக்கன்’. பத்திரிகையில் எழுதிய டக்ளஸ் கோல்ட்ஸ்டைன், டாம் ரூட் ஆகியோரும் எழுத்தாளர்களாக வந்து சேர்ந்தார்கள்.

கடையில் வாங்கும் பொம்மை அப்படியே நடித்துவிடாது. முழங்கை ஒரே பக்கம் மடங்கும், வாய் திறக்காது, ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் விழும். ஆகவே பொம்மையின் தோற்றத்தைக் கெடுக்காமல் உள்ளே கம்பி எலும்புக்கூடு வைத்து, அந்த அளவுக்கே உடை தைத்து, ஒவ்வோர் எழுத்தொலிக்கும் ஏற்ற வாய்களைச் செய்து மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டும். பிறகு இம்மியளவு அசைத்து ஒரு படம், மறுபடி அசைத்து ஒரு படம். விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துக்கொண்டாலும் விநாடிக்குப் பன்னிரண்டு படம் வேண்டும். பதினொரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8,000 படங்கள். ஒரு அனிமேட்டர் நாள் முழுக்க நின்று வேலை செய்தால் சில விநாடிகள் கிடைக்கும். ஒரு கம்மி மிட்டாய்க் கரடி பொறியில் சிக்கி, தப்பிக்கத் தன் காலையே கடித்து, அந்த ருசியில் சொக்கிப்போகும் அற்பமான துணுக்குக்கும் இதே உழைப்புதான். அந்த உழைப்பு திரையில் தெரிகிறது. லேசாக நடுங்கும் கை, சட்டைத் துணியில் ஓடும் சிலிர்ப்பு, அனிமேட்டரின் விரல் பட்ட தடம். கணினியில் மழமழவென்று செய்திருந்தால் இந்த நகைச்சுவை பாதி செத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்தவர் பாத்திரங்களை எடுத்து இப்படிச் செய்யச் சட்டம் விடுமா? அமெரிக்காவில் பகடிக்கு ‘நியாயமான பயன்பாடு’ என்ற பாதுகாப்பு உண்டு. காசு சம்பாதிக்கும் பகடிக்கும் அது கிடைக்கலாம் என்று 1994இல் ஒரு பாடல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொம்மைகளுக்கு இன்னும் நெருக்கமான வழக்கும் இருக்கிறது. டாம் ஃபோர்சைத் என்ற புகைப்படக் கலைஞர் பார்பி பொம்மைகளை மிக்சிக்குள்ளும் சமையல் பாத்திரங்களுக்குள்ளும் வைத்துப் படம் எடுத்தார். மேட்டல் வழக்குப் போட்டது, 2003இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஆனால் எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. பாடகி கேரன் கார்ப்பென்டரின் வாழ்க்கையையும் சாவையும் பார்பி பொம்மைகளைக் கொண்டு டாட் ஹெய்ன்ஸ் 1987இல் எடுத்த ‘சூப்பர்ஸ்டார்’ கேலிப்படம் அல்ல, நெஞ்சை உலுக்கும் படம். அதைப் பொதுத் திரையிடலிலிருந்து முடக்கியது பாட்டுகளின் உரிமைப் பிரச்சினை. ‘ரோபோ சிக்கன்’ வருவதற்கு வெகு முன்பே, பொம்மையால் அழவைக்கவும் முடியும் என்று காட்டிய படம் அது.

சிலர் வழக்குப் போடவில்லை, கதவைத் திறந்தார்கள். இரண்டாம் சீசனில் ஒரு துணுக்கு: ‘ஸ்டார் வார்ஸ்’ பேரரசருக்கு டார்த் வேடரிடமிருந்து, எடுப்பவரே காசு கொடுக்க வேண்டிய தொலைபேசி அழைப்பு வருகிறது. கோள்களைத் தகர்க்கும் டெத் ஸ்டார் வெடித்துச் சிதறிவிட்டது. அண்ட சராசரத்தையும் நடுங்கவைப்பவர், கொட்டிய பணம் போனதே, இனி யார் கடன் கொடுப்பார்கள் என்று மேலாளரைப்போலக் கத்துகிறார். அசல் படம் காட்டாமல் விட்ட இடம் அது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, படத்தை வரிவரியாக நேசித்த ஒருவரால்தான் முடியும். அசல் படத்தை எடுத்த லூக்காஸ்ஃபிலிமில் இருந்தவர்களுக்கே அது பிடித்துப்போய், 2007இல் முழு ‘ஸ்டார் வார்ஸ்’ சிறப்புப் பகுதியாக வளர்ந்தது. படத்தின் நாயகன் லூக் ஸ்கைவாக்கருக்கு, அந்த வேடத்தில் நடித்த மார்க் ஹேமிலே குரல் கொடுத்தார். ‘ஸ்டார் வார்ஸை’ உருவாக்கிய ஜார்ஜ் லூக்காஸ், ரசிகர் கூட்டத்திடமிருந்து தப்பி ஓடும் ஜார்ஜ் லூக்காஸாகவே பேசினார்.

எல்லாத் துணுக்குகளும் இந்த உயரத்தில் இல்லை. ரத்தத்தையும் பாலியல் கேலியையும் காட்டிவிட்டாலே சிரிப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எடுத்தவை ஏராளம். பிரபலமான ஒருவரை அடித்து நொறுக்குவதோடு முடியும் துணுக்கு அடுத்த வாரமே மறந்துவிடும். பொம்மை நடிக்கிறதே என்று குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நிகழ்ச்சி இது அல்லவே அல்ல. நின்றவை வேறு வகை. நாயகனுக்கும் வில்லனுக்கும் மூட்டுவலியும் மாதாந்திரத் தவணையும் சிறுநீர்க் கோளாறும் வரும் என்று யோசித்தவை. சாகசத்தை மட்டுமே விற்ற நிறுவனங்கள் காட்ட மறுத்த வாழ்க்கையை அந்தப் பொம்மைகளுக்குக் கொடுத்தவை. ஆப்டிமஸ் பிரைமின் புற்றுநோய்ச் சாவு, 1986இன் வியாபாரச் சாவைவிட எனக்கு மனிதத்தன்மையுள்ளதாகப் படுகிறது.

இன்னொன்றும் இதில் உண்டு. குழந்தை விளையாடும்போது வர்த்தக முத்திரை பார்ப்பதில்லை. ஹீ-மேன் லாரி ரோபோவின் முதுகில் ஏறுவான், பார்பி விண்கலம் ஓட்டுவாள். இந்தக் கலப்பை நிறுவனங்கள் பெரும்பாலும் அனுமதித்ததில்லை. அதைப் பெரிய திரைக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ‘ரோபோ சிக்கன்’ பகுதிகளை இயக்கிய கிறிஸ் மெக்கே. ‘தி லெகோ மூவி’யில் அனிமேஷனை மேற்பார்வையிட்ட அவர், 2017இல் ‘தி லெகோ பேட்மேன் மூவி’யை இயக்கினார். அதில் ஜோக்கர் திறந்துவிடும் சிறையிலிருந்து வெவ்வேறு படங்களைச் சேர்ந்த வோல்டமார்ட்டும் சௌரானும் கிங் காங்கும் ஒன்றாக வெளியே வந்து காத்தம் நகரத்தைத் தாக்குகிறார்கள். இம்முறை உரிய நிறுவனங்களின் அனுமதியோடு.