கூட்டுக் கிணறு போல அணுக்கள்

எங்கள் ஊர் கோபிநத்தம். காவிரிக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. முன்பு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம்.

ஒருநாள் வகுப்பில் தண்ணீரைப் பற்றிப் படித்தோம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான் தண்ணீர் என்றேன். ஹைட்ரஜன் எரியும் வாயு. ஆக்சிஜன் எரிய உதவும் வாயு.

ஒரு பாட்டி கேட்டார்: "ஏங் கண்ணு, எரியறதும் எரிய வைக்கிறதும் சேர்ந்த தண்ணி, நெருப்பை எப்படி அணைக்குது?"

நல்ல கேள்வி. பதிலைப் பார்ப்போமா?

பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர் இருவர். தனியாகக் கிணறு வெட்ட இருவரிடமும் பணம் இல்லை. ஆளுக்குப் பாதி போட்டு வரப்பில் ஒரு கிணறு வெட்டுகிறார்கள். கிணறு ஒன்று. ஆனால் இரண்டு காடும் நனைகிறது. இனி ஒருவரை விட்டு ஒருவர் போக முடியாது.

அணுக்களும் இப்படித்தான். எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுவின் நடுவில் கரு உண்டு. அதைச் சுற்றி எலக்ட்ரான்கள் உண்டு. ஹைட்ரஜனிடம் ஒரு எலக்ட்ரான்தான் இருக்கிறது. இன்னும் ஒன்று வேண்டும். ஆக்சிஜனின் வெளிச்சுற்றில் ஆறு இருக்கிறது. இன்னும் இரண்டு வேண்டும்.

என்ன செய்வது? இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஓர் ஆக்சிஜன் அணுவோடு கூட்டுச் சேர்கின்றன. ஒவ்வொரு கூட்டிலும் ஆளுக்கு ஒரு எலக்ட்ரான் பங்கு. அந்த ஜோடி இருவருக்கும் பொது. மூன்று அணுக்களின் குறையும் தீர்ந்தது. அதுவே தண்ணீரின் ஒரு மூலக்கூறு. இந்தக் கூட்டுக்குச் சகப்பிணைப்பு என்று பெயர். எலக்ட்ரான் ஜோடியைப் பங்குபோடும் இந்த முறையை 1916-இல் விளக்கியவர் அமெரிக்க அறிவியலாளர் கில்பர்ட் லூயிஸ்.

இப்படிச் சேரும்போது வெப்பம் வெளியே வரும். ஹைட்ரஜன் எரிவது என்றால் ஆக்சிஜனோடு கூட்டுச் சேர்வதுதான். ஆகவே தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்த சாம்பல் மாதிரி. சாம்பல் மறுபடி எரியுமா? எரியாது. மேலே ஊற்றினால் சூட்டை இழுத்துக்கொண்டு நெருப்பை அணைக்கும்.

அடுப்புக் கரியைப் பாருங்கள். கரி என்பது பெரும்பாலும் கார்பன். அதற்கு நான்கு எலக்ட்ரான்கள் குறைவு. நல்ல காற்று இருந்தால் ஒரு கார்பன் இரண்டு ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும். காற்று குறைந்தால் ஒரே ஓர் ஆக்சிஜன்தான் கிடைக்கும். அப்போது உண்டாவது கார்பன் மோனாக்சைடு. ஓர் அணுதான் குறைவு. ஆனால் இது கொல்லும் விஷம்.

இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிடச் சுமார் 200 மடங்கு இறுக்கமாகப் பற்றும். தலைவலி, மயக்கம், வாந்தி வரும். தூங்குகிறவர் எழாமலே போகலாம்.

எனவே குளிருக்காகக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். யாராவது மயங்கினால் கதவைத் திறந்து, வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். 108-க்குச் சொல்லுங்கள்.

பேசிப் பாருங்கள்:
1. தண்ணீர் ஏன் எரிவதில்லை?
2. உங்கள் சமையலறையில் காற்று வந்து போக வழி இருக்கிறதா?