சூரிய மின்சாரமும் மாலை நேர விலையும்

2025 ஏப்ரல் 5 ஆம் திகதி, இலங்கைக்கு விஜயம் செய்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, நாடளாவிய ரீதியில் 5000 வழிபாட்டுத் தலங்களுக்குக் கூரைமேல் சூரிய மின்தொகுதிகளை வழங்கும் திட்டத்தை அங்குரார்ப்பணம் செய்துவைத்தார். கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் அனைத்தும் அதில் அடக்கம். அடுத்த சில நாட்களிலேயே, சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் பிற்பகல் 3 மணிவரை கூரைமேல் சூரிய மின்னுற்பத்தியை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கோரியது. மக்கள் குழம்பியதில் வியப்பில்லை.

2016 இல் ஆரம்பமான 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தின் கீழ், பாவனைக்குப் போக மிஞ்சும் மின்சாரத்துக்கு முதல் 7 வருடங்களுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும், அடுத்த 13 வருடங்களுக்கு 15.50 ரூபாவும் வழங்க அரசு உடன்பட்டது. புதிதாக இணையும் சிறிய தொகுதிகளுக்கு இவ்விலை 2022 நெருக்கடியின்போது 37 ரூபாவாக உயர்த்தப்பட்டு, 2024 இல் 27 ரூபாவாகக் குறைக்கப்பட்டது. 2025 இல் மேலும் வீழ்ந்தது. விலை ஏறி இறங்கியதே தவிர, மின்சாரம் எந்நேரத்தில் தேவைப்படுகின்றது என்ற கேள்வி அதில் இடம்பெறவில்லை.

எமது மின்தேவை உச்சத்தை எட்டுவது மாலை 6.30 மணிக்கும் இரவு 10.30 மணிக்கும் இடையிலாகும். அப்போது சூரியன் இல்லை. ஞாயிறு நண்பகலிலோ வெயில் உச்சம், தேவை சொற்பம். நீர், அனல் மின்நிலையங்களின் பாரிய சுழலிகள் போதியளவு இயங்கும்போதே மின்கட்டமைப்பு திடீர் அதிர்வுகளைத் தாங்கும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி முழு நாடும் மின்சாரமிழந்தது ஒரு ஞாயிறு முற்பகலிலேயே. பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கைப் பற்றியே பலரும் பேசினர். எம்மைப் பொறுத்தவரை, குரங்கை விட அந்த நேரமே கவனத்துக்குரியது.

பகலில் பற்றரியில் சேமித்து உச்சநேரத்தில் வழங்கும் மின்சாரத்துக்கு உயர்ந்த விலை வழங்கப்படுமென 2025 இல் அறிவிக்கப்பட்டமை சரியான திசையிலான நகர்வாகும். எனினும் பற்றரி வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. கூரையே சொந்தமில்லாத வாடகைக் குடியிருப்பாளர்களும் தமது மின்கட்டணத்தின் ஊடாக இக்கொடுப்பனவுகளின் சுமையில் பங்கேற்கின்றனர். ஆகவே உச்சநேர விலை, அந்நேரத்தில் டீசல் எரித்துப் பெறும் மின்சாரத்தின் செலவை விஞ்சக்கூடாது. சிறிய வீட்டுப் பாவனையாளருக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும் பற்றரிக்கான சலுகைக் கடன் அவசியம். வங்கியில் கடன்பட்டுத் தொகுதிகளைப் பொருத்தியோருடன் ஏலவே கைச்சாத்திட்ட 20 வருட ஒப்பந்தங்களில், சீர்திருத்தம் என்ற பெயரால் எவரும் கைவைக்கலாகாது.