வாலைப் பிடித்தால் வார்த்தை புரியும்!

வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்து திரும்பினால், கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி கொடுப்பார்கள். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'ஒண்ணும் புரியலை' என்று பீரோவில் வைத்துவிடுகிறவர்களே அதிகம். அதிலுள்ள நீளமான இங்கிலீஷ் வார்த்தைகள் பட்டதாரிகளையே மிரட்டும்.

அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வார்த்தையின் கடைசிப் பகுதியைத் தெரிந்துகொண்டாலே பாதி அர்த்தம் பிடிபட்டுவிடும். தமிழில் 'இயல்' என்று முடிந்தால் அது ஏதோ ஒரு படிப்பு என்று தெரிகிறதல்லவா? உயிரியல், புவியியல் மாதிரி. இங்கிலீஷில் அதுதான் 'லஜி'. கார்டியாலஜி இதயம் பற்றியது. நெஃப்ராலஜி சிறுநீரகம் பற்றியது.

அடிக்கடி வரும் வால்கள்

* ஐட்டிஸ்: அழற்சி, அதாவது வீங்கிச் சிவந்து வலிப்பது. டான்சிலைட்டிஸ், கேஸ்ட்ரைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ்.
* ஆல்ஜியா: வலி. மயால்ஜியா என்றால் தசைவலி.
* ஈமியா: ரத்தம் தொடர்பானது. அனீமியா, லுக்கீமியா.
* ஸ்கோப்பி: கருவியால் உள்ளே பார்ப்பது. எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி.
* ஆட்டமி: வெட்டித் திறப்பது. லேப்பராட்டமியில் வயிற்றைத் திறப்பார்கள். லேப்பராஸ்கோப்பியில் சிறு துளை போட்டு கேமராவால் பார்ப்பார்கள்.
* எக்டமி: வெட்டி அகற்றுவது. டான்சிலெக்டமி, அப்பெண்டெக்டமி.

கையெழுத்துக்கு முன்...

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி உள்ள ஒரு பெண்ணிடம் ஆபரேஷனுக்குச் சம்மதப் படிவம் நீட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 'மயோமெக்டமி' என்றிருந்தால் கட்டியை மட்டும் அகற்றுவார்கள், கர்ப்பப்பை இருக்கும். 'ஹிஸ்டரெக்டமி' என்றிருந்தால் கர்ப்பப்பையையே அகற்றுவார்கள்; பிறகு கருத்தரிக்க முடியாது. வால் ஒன்றுதான், தலைதான் வேறு. 'எக்டமி' என்று பார்த்ததும், "எதை எடுக்கப் போறீங்க டாக்டர்? வேறு வழி இருக்கா?" என்று கேட்கத் தோன்றினால், கற்றதன் பலன் கிடைத்துவிட்டது.

ஏமாற்றும் வால்களும் உண்டு

'ஓமா' என்றால் பெரும்பாலும் கட்டி. ஆனால், கிளாக்கோமா கட்டியல்ல, கண் நரம்பைப் பாதிக்கும் நோய். ஹீமடோமா என்பது ரத்தக்கட்டு, புற்றுநோய் அல்ல. எனவே, வாலை வைத்து நோயை நீங்களே முடிவுசெய்யாதீர்கள். டாக்டரிடம் சரியான கேள்வி கேட்கத்தான் அது உதவும்.

எப்படிப் படிப்பது?

ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு வாலைத் தலைப்பாக எழுதுங்கள். வீட்டிலுள்ள பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து, அந்த வாலில் முடியும் வார்த்தைகளைப் பிள்ளைகளைத் தேடி எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒரு வால் போதும். பாட்டியின் ஃபைலைப் படித்துச் சொல்ல வீட்டிலேயே ஒரு ஆள் தயாராகிவிடும்!