எட்டாத காமிராவுக்கு ஒரு வைத்தியம்

உங்கள் கையில் ஒரு டிஜிட்டல் காமிரா இருக்கிறது. எடுக்கும் படங்களிலெல்லாம் ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறது. என்ன செய்வீர்கள்? லென்சை மெல்லிய துணியால் துடைப்பீர்கள். புள்ளி போகவில்லை. லென்சைக் கழற்றி வேறொன்றை மாட்டி, ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடுப்பீர்கள். இப்போதும் அதே இடத்தில் புள்ளி இருந்தால் குற்றம் லென்சில் இல்லை. உள்ளே, ஒளியை மின் குறிப்பாக மாற்றும் உணரியின் முன்னால் தூசி அமர்ந்திருக்கிறது என்று பொருள். இனி அதைச் சுத்தம் செய்துவிடலாம்.

சரி, அந்தக் காமிரா உங்கள் கையில் இல்லை. 60 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்றால்?

2023ஆம் ஆண்டில் இப்படி ஒரு சிக்கல் வந்தது. காமிராவின் பெயர் ஜூனோகேம். 2011 ஆகஸ்டில் நாசா அனுப்பிய ஜூனோ விண்கலத்தில் அது பொருத்தப்பட்டிருந்தது. விண்கலம் 2016 ஜூலையில் வியாழனை அடைந்து, அதைச் சுற்றத் தொடங்கியது. பொதுமக்களும் வியாழனைக் கண்டு மகிழ வேண்டும் என்பதற்காகவே முக்கியமாக இந்தக் காமிராவைச் சேர்த்தார்கள் என்பது ஒரு சுவையான செய்தி.

வியாழனின் காந்தப்புலம் மிகவும் வலிமையானது. அதில் சிக்கிய மின்னூட்டத் துகள்கள் பயங்கர வேகத்தில் சுழல்கின்றன. சூரியக் குடும்பத்தின் கோள்களில் இவ்வளவு கடுமையான கதிர்வீச்சு வேறெங்கும் இல்லை. ஆகவே ஜூனோவின் நுட்பமான மின்னணுக் கருவிகள் பலவற்றை ஒரு டைட்டேனியப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஆனால் காமிராவின் கண் வெளியில்தான் இருந்தது. கண்ணைப் பெட்டியில் பூட்டிவிட்டு எதைப் பார்ப்பது?

எட்டுச் சுற்றுகளாவது தாங்கும் என்று எண்ணப்பட்ட காமிரா, 34 சுற்றுகள் வரை குறையில்லாமல் வேலை செய்தது. 47ஆம் சுற்றில் கோளாறு தலைகாட்டியது. தடயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த பொறியாளர்களின் சந்தேகம், மின்சாரம் வழங்கும் பகுதியிலுள்ள மின்னழுத்தச் சீராக்கியின் மீது விழுந்தது. கதிர்வீச்சு அதைக் கெடுத்திருக்க வேண்டும். கண்டுபிடித்து என்ன பயன்? ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டு வியாழனுக்கா போக முடியும்? ரேடியோ கட்டளை போய்ச் சேரவே அரை மணிக்கு மேல் ஆகும்!

அவர்கள் கையில் எடுத்தது ஒரு பழைய உலோகத் தொழில் முறை. வளைத்தும் அடித்தும் விறைத்துப்போன உலோகத்தைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் அது மீண்டும் இளகும். வெப்பத்தால் அணுக்கள் அதிர்ந்து, இடம் பெயர்ந்தவற்றில் பல பழைய இடத்துக்குத் திரும்புவதே காரணம். இதற்கு அனீலிங் என்று பெயர். சிலிக்கனிலும் இது பலிக்கலாம். ஆனால் இந்தப் பழுதைத் தீர்க்குமா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. குளிரிலேயே வேலை செய்து பழகிய காமிராவை, அதிலிருந்த சூடேற்றியால் 25 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினார்கள். நமக்கு இது சூடே அல்ல. ஜூனோகேமுக்கோ பெரிய காய்ச்சல்! படங்கள் தெளிந்தன.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 56ஆம் சுற்றுக்குள் ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் கோடுகளும் புள்ளிகளும் நிறைந்தன. அடுத்து வரவிருந்ததோ அருமையான வாய்ப்பு. வியாழனின் எரிமலைத் துணைக்கோளான அயோவை, 2023 டிசம்பர் 30 அன்று ஜூனோ வெறும் 1,500 கிலோமீட்டர் தொலைவில் கடக்க இருந்தது. இடையில் சில வாரங்களே இருந்தன. துணிந்து சூடேற்றியை முழு அளவுக்கு முடுக்கினார்கள். ஒரு வாரம் சென்றது. சோதனைப் படங்களில் பெரிய மாற்றம் இல்லை. அயோவை நெருங்க ஒரு சில நாட்களே இருந்தபோது படங்கள் மளமளவென்று தெளியத் தொடங்கின!

குறித்த நாளில், அயோவின் வட துருவப் பகுதியில் கந்தக டைஆக்சைடு உறைபனி போர்த்திய மலைகளையும், அதுவரை யாரும் அறியாத எரிமலைகளையும் ஜூனோகேம் படம் பிடித்தது. விண்ணில் ஏவிய நாளில் எடுத்திருக்கக்கூடிய படங்களுக்கு ஏறத்தாழ நிகரான தெளிவு அவற்றில் இருந்தது. 74ஆம் சுற்றில் மறுபடியும் புள்ளிகள் தோன்றின. அதற்குள் ஜூனோவின் வேறு சில கருவிகளுக்கும் இதே வெப்ப வைத்தியத்தைச் செய்து பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.