மல்லிகை ஏன் மலரவில்லை?

முற்றத்திலே மல்லிகைச் செடி நிற்கவும், வெள்ளிக்கிழமைப் பூசைக்குச் சந்தையிற் பூ வாங்க நேருமாயின், அது இல்லத்தாருக்கு ஒரு மனக்குறையே. அக்குறையை நாம் மூன்று ஆண்டுகள் அனுபவித்தோம்.

எமது தாயார் வளர்த்த குண்டுமல்லிகையிலிருந்து பதியம் வைத்துப் பெற்ற கன்று அது. அன்னையார் மறைந்தபின் தாய்ச்செடியும் பட்டுப்போயிற்று. எஞ்சியது எமது கிணற்றடியில் நின்ற இந்த ஒன்றே. ஆதலால் அதனைக் கண்ணுங் கருத்துமாகப் பேணினோம். காலையும் மாலையும் நீர், மாதந்தோறும் மாட்டெரு, இடையிடையே யூரியா. செடி ஆளுயரம் வளர்ந்து அடர்ந்தது. மொட்டு மட்டும் தோன்றவில்லை. “மலட்டுச் செடி, மாஸ்டர், பிடுங்கிவிடுங்கள்” என்றார் அயலவர் ஒருவர். எமக்கு மனம் வரவில்லை. ஆராய்ந்து பார்த்தோம். குற்றம் செடியிடத்தன்று, எம்மிடத்தே என்பது தெளிவாயிற்று.

முதலாவது, நிழல். மல்லிகைக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். எமது மாமரமோ அதன்மேற் குடை பிடித்திருந்தது.

இரண்டாவது, எரு. நைதரசன் இலையையும் தண்டையும் வளர்ப்பது. அது மிகுந்தால் செடி தழைக்குமேயன்றிப் பூக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் செடியொன்றுக்கு ஆண்டிற்கு நைதரசன் 60 கிராமும், பொசுபரசும் பொற்றாசியமும் 120 கிராம் வீதமும் பரிந்துரைக்கின்றது. நாம் இவ்விகிதத்தைத் தலைகீழாக்கியிருந்தோம்.

மூன்றாவதே தலையாயது. மல்லிகை புதுத்தளிரின் நுனியிலும் கணுவிலுமே அரும்புகின்றது, முதிர்ந்த கொம்பிலன்று. 2013 இற் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகையை அறியாதார் யார்? தமிழ்நாட்டு மல்லிகைத் தோட்டங்களில் நவம்பர் இறுதியிற் செடியைத் தரையிலிருந்து ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் உயரத்தில் வெட்டிவிடுவர். மார்ச்சு மாதமளவிற் பூக்காலம் தொடங்கும். நாமோ அன்னையாரின் நினைவென்று ஒரு கொம்பையேனும் தொட்டோமில்லை.

நான்காவது, ஓயாத ஈரம். நீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறும். மண்ணின் மேற்பகுதி உலர்ந்தபின் நீர் வார்த்தலே முறை.

இனி, மொட்டுத் தோன்றியும் துளைபட்டு ஊதா நிறமேறி உதிருமாயின், அது மொட்டுப்புழுவின் வேலை. அம்மொட்டுக்களைக் கிள்ளி அழித்தல் வேண்டும்.

மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருநாட் காலை கத்தியை எடுத்தோம். மாமரக் கிளைகளைக் கழித்தபின் மல்லிகையையும் வெட்டினோம். வெறுங் கட்டைகளைக் கண்ட இல்லாள், “மாமியின் செடியைக் கொன்றுவிட்டீர்களே!” எனக் கலங்கினாள். எமக்கும் நெஞ்சு துணுக்குற்றது. இரு வாரங்களில் தளிர் கண்டோம். யூரியாவை நிறுத்தி, எருவின் விகிதத்தையும் திருத்தினோம்.

பங்குனியில் ஓரிரவு கிணற்றடியிலிருந்து மணம் வந்தது. விளக்கெடுத்துச் சென்று எண்ணினோம், பதினொரு மலர்கள். மறுநாட் காலை அவை அன்னையாரின் படத்தடியில் இருந்தன.

வாசகர்களே, பூக்காத செடியைப் பிடுங்குமுன் வெயிலையும் எருவையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கத்தரிக்கவும் தயங்காதீர்கள். அளவறியாத அன்பு இலையை வளர்க்கும். அளவறிந்த அன்பே மலரைத் தரும். பிள்ளைகளை வளர்ப்போருக்கும் இஃது ஒக்கும்.