குளமும் குழுவும்: உடையார்கட்டை முன்வைத்து ஒரு நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் ஊர்ப்பெயர்களுட் பல நீரோடு தொடர்புடையன. குளம், மோட்டை, ஆறு, கட்டு என முடியும் பெயர்கள் அங்கு மிகுதி. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், புதுக்குடியிருப்புப் பிரதேச செயலாளர் பிரிவில் அமைந்துள்ள உடையார்கட்டும் அவற்றுள் ஒன்று. 'கட்டு' என்பது நீரைத் தடுத்து நிறுத்தும் அணையைக் குறிக்கும். 'உடையார்' என்பது அந்நியராட்சிக் காலத்தில் வழங்கிய உள்ளூர்த் தலைமைப் பதவியொன்றின் பெயர். நீர்நிலையும் அதற்குரிய பொறுப்பும் பிரிக்கப்படாதிருந்த ஒரு நிலைமையை இப்பெயர் நினைவூட்டுகின்றது.

நகரங்களிலுள்ள பூங்காக்களையும் ஏரிகளையும் தோப்புகளையும் பராமரிக்க மாநகர சபைகளும் அவற்றின் குழுக்களும் உள்ளன. வன்னியைப் பொறுத்தவரை, மக்கள் வாழ்வோடு ஒட்டிய இயற்கைப் பகுதி குளமும் அதனைச் சூழ்ந்த காடுமேயாகும். இதனைப் பேணும் உள்ளூர்க் குழுவுக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு, அது எவ்விடத்தில் நின்றுவிடுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் குளம் என்பது யாது எனத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். ஆண்டு மழைவீழ்ச்சி 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த உலர்வலயத்தில், வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் நீரைச் சில மாதங்களுக்காவது தேக்கிவைக்கும் ஏற்பாடே குளம். கட்டு, துருசு, வான், வாய்க்கால் என்பன அதன் கண்ணுக்குத் தெரியும் உறுப்புகள். அவற்றுக்கு அப்பால், நீரைக் கொண்டுவந்து சேர்க்கும் நீரேந்து காடு உண்டு. வண்டலை வடிகட்டும் புற்றரை உண்டு. கரையோரத்து மருதமரங்கள் உண்டு. காடு அழியுமாயின் மழைநீர் மண்ணையும் அள்ளிக்கொண்டு குளத்தினுள் வரும். குளம் தூர்ந்து ஆழங்குறையும். ஆழங்குறைந்த குளத்திலே நீர் பரந்து நின்று விரைவில் ஆவியாகும். ஆகவே, கட்டை எத்துணை உறுதியாகக் கட்டினும், காட்டைக் காவாத குளம் நிலைக்காது. ஒரே நீரோட்டத்தில் அமைந்த குளங்கள் ஒன்றுக்கொன்று நீர் வழங்கும் தொடர்களாக இயங்குவதைப் புவியியலறிஞர் சி. எம். மத்தும பண்டார 1985 இல் விளக்கினார். உலர்வலயத்தின் இத்தொடர்க்குள முறையை உலக உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

இத்தகைய முழுமையை நிருவகித்த பண்டைய ஏற்பாடு கூட்டு உழைப்பிலே தங்கியிருந்தது. 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு ஒழிந்தமை வரவேற்கத்தக்கதே. எனினும் குளப்பராமரிப்புக்கு வேறு ஏற்பாடு செய்யப்படாமையால் பல குளங்கள் கைவிடப்பட்டன. இக்குறையை நிவிர்த்தி செய்ய முற்பட்ட 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், பழைய வழமைகளை மீண்டும் நடைமுறைப்படுத்த வழிசெய்தது. அரச ஏடுகளில் வெல்விதானை எனப்பட்ட நீர்ப்பாசனத் தலைமைக்காரர் அவ்வழமைகளின் காவலரானார். நடைமுறையில் இப்பதவி பெரும்பாலும் நிலவுடையோர் கையிலேயே இருந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தது, பிலிப் குணவர்த்தன அமைச்சராயிருந்தபோது நிறைவேறிய 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமாகும். வெல்விதானைப் பதவி நீக்கப்பட்டு, பயிர்ச்செய்கைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. குத்தகை விவசாயியின் உரிமைக்கும் குளத்து நீரின் பங்கீட்டுக்கும் ஒரே குழு பொறுப்பாயிருந்தமை அச்சட்டத்தின் முற்போக்கான அம்சமாகும். ஆயினும் 1970களின் முற்பகுதியில் வந்த சட்டங்கள், தெரிவுக்குப் பதிலாக அமைச்சரின் நியமனத்தைப் புகுத்தின. 1979 இன் கமநல சேவைகள் சட்டம் அமைப்பை மீண்டும் மாற்றியது. 1991 ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின் கமக்காரர் அமைப்புகள் சட்டவழி அங்கீகாரம் பெற்றன. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அவற்றை மேலும் வலுப்படுத்தியது. நாற்பத்திரண்டு ஆண்டுகளில் இத்தனை மாற்றங்களுக்குள்ளான ஒரு குழு, தனக்கென வழமையொன்றை வேரூன்றச் செய்வது எங்ஙனம்?

கமக்காரர் அமைப்பின் பணி சிறிதன்று. காலபோகத்துக்கு முன்னர் கூட்டங்கூடி விதைப்புத் திகதியையும் நீர் திறக்கும் நாளையும் கால்நடைகளை வயலிலிருந்து அகற்றும் நாளையும் தீர்மானித்தல், வாய்க்கால் துப்புரவு செய்தல், கட்டிலுள்ள பற்றைகளை வெட்டுதல் என்பன அதனுள் அடங்கும். இவை யாவும் துருசுக்குக் கீழுள்ள வயலையும் கட்டையும் சார்ந்தவை என்பது கவனித்தற்குரியது.

குளத்துக்கு மேலே நிலைமை வேறு. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பாகும். பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களுக்கு உரியன. நீரேந்து காடோ இவ்விரண்டுக்கும் புறம்பானது. 'ஏனைய அரச காடுகள்' எனப்படும் காடுகளை 2001 ஆம் ஆண்டின் சுற்றறிக்கையொன்று வனத் திணைக்களத்தின் கீழ்க் கொண்டுவந்தது. 2020 இல் வெளியான மற்றொரு சுற்றறிக்கை அவற்றை மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் ஒப்படைத்தது. சுற்றாடல் அமைப்புகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. காடு அலுவலகத்துக்கு அலுவலகம் கைமாறிய இவ்விரு வேளைகளிலும், அக்காட்டு நீரை நம்பி விதைக்கும் கமக்காரனுக்குத் தீர்மானத்தில் இடமிருக்கவில்லை. மேலே மரம் வெட்டப்படுவதையோ மணல் அள்ளப்படுவதையோ கண்ட குழு முறையிடலாம். தடுக்கும் அதிகாரம் வேறிடத்தில் உள்ளது.

இங்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் நினைவுக்கு வருகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) அச்சாசனங்கள், குடவோலை முறையால் தெரிவான ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் பற்றிக் கூறுகின்றன. பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவருக்கு மீண்டும் இடமில்லை. நீருக்கும் தோட்டத்துக்கும் ஒரே சபையின் கீழ் வாரியங்கள் அமைந்திருந்தமை போற்றத்தக்கது. அதேவேளை, அது நிலவுடைமையும் வேதக்கல்வியும் உடையோரின் பிராமணச் சபை என்பதையும் நாம் மறத்தலாகாது. ஏரியைத் தோண்டியவர் பெயர் அக்குடத்துள் இடப்படவில்லை.

இக்குறை இன்றும் முற்றாக நீங்கிற்றெனக் கூறமுடியாது. கமக்காரர் அமைப்பு அதன் பெயருக்கேற்பப் பயிரிடுவோரின் அமைப்பாகும். ஆனால் குளத்தையும் காட்டையும் நம்பி வாழ்வோர் அவர்கள் மட்டுமல்லர். அலைகரையில் மாடு மேய்ப்போர், நன்னீர் மீன் பிடிப்போர், தேனெடுப்போர், விறகு பொறுக்கும் பெண்கள் ஆகியோரும் உளர். காட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் அறிபவர் இவர்களே.

உடையார்கட்டில் இவ்வினா மேலுமொரு வகையிற் கூர்மை பெறுகின்றது. 2009 சனவரியில் இப்பகுதியை உள்ளடக்கிப் பாதுகாப்பு வலயம் என ஒரு நிலப்பரப்பு அறிவிக்கப்பட்டது. அதனை நம்பித் திரண்ட மக்கள் ஷெல்வீச்சுக்கு இலக்காகி, மீண்டும் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். இடம்பெயர்வில் மக்கள் உயிர்களையும் உடைமைகளையும் மட்டுமன்றிக் காணிப் பத்திரங்களையும், எந்த ஓடை எக்குளத்துக்கு வரும் என்று சொல்லத்தக்க முதியோரையும் இழந்தனர். மீளக் குடியமர்வின்போது கட்டுகளைத் திருத்த நிதி கிடைத்தல் கூடும்; குழுவின் நினைவைத் திருத்த நிதியால் இயலாது. காணியின் எல்லையை மக்கள் நிறுவமுடியாதவிடத்துத் திணைக்களத்தின் எல்லைக்கல்லே எல்லையாகிவிடுகின்றது. அந்நிலையில் காடு பொதுச்சொத்து என்ற எண்ணம் மங்கி, வனப்பாதுகாப்பு என்பதே மக்களுக்கு அச்சந்தரும் சொல்லாக மாறுதல் இயல்பு.

பொதுவளங்களை மக்கள் குழுக்கள் நெடுங்காலம் பேணமுடியும் என்பதை எலினர் ஒஸ்ரம் 1990 இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். வளத்தின் எல்லை தெளிவாயிருத்தலும், விதிகளுக்கு உட்படுவோரே அவ்விதிகளை ஆக்குவதிற் பங்குபற்றுதலும் அவர் கண்ட நிபந்தனைகளுள் முக்கியமானவை. வன்னியில் இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கவில்லை என்பதே நமது ஆய்வின் முடிபாகும். குழுவின் எல்லை கட்டோடு நிற்கின்றது. குளத்தின் எல்லையோ காட்டின் தலைப்பு வரை செல்கின்றது.

எனவே, புதிய குழுக்களை மேன்மேலும் அமைப்பதாற் பயனில்லை. இருக்கும் குழுவின் எல்லையை நீரேந்து பகுதி முழுவதற்கும் விரித்தல் வேண்டும். மேய்ப்போரும் மீன்பிடிப்போரும் பெண்களும் அதிற் சம இடம் பெறல் வேண்டும். காடு பற்றிய எத்தீர்மானமும் அக்குழுவின் இணக்கமின்றி எடுக்கப்படலாகாது என்பது சட்டமாதல் வேண்டும். பொறுப்பை மக்களிடமும் அதிகாரத்தைத் திணைக்களங்களிடமும் பிரித்து வைத்திருக்கும்வரை, குளம் ஆண்டுக்காண்டு தூர்ந்துகொண்டே இருக்கும்.